பொதுக்கூடத்தில் இணையம் மந்தமாவது ஏன்?

கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்க்கு முறை வைத்து நீர் பாய்ச்சுவது புதிதன்று. 1895ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் கடந்து இப்பக்கம் வரத் தொடங்கிய பின்னரும், தலைமடைக்காரர் மனம்போல் பாய்ச்சினால் கடைமடை காயும் என்னும் உண்மை மாறவில்லை. பங்கு மண்டபம், படிப்பகம், மாணவர் விடுதி ஆகிய பொது இடங்களில் இணையம் மந்தமாகும்போதும் இவ்வுண்மையை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். இணைப்புத் தந்தவரை நொந்துகொள்வதற்கு முன், குறை எங்கேயுள்ளது எனத் தேடுவதே அறிவுடைமை. அவ்வாறு தேடித் தீர்வு கண்ட வரலாறு ஒன்று நம் தேனியிலேயே உண்டு.

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டு மதுரையில் தோற்றுவித்த அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளை, 2000-களின் நடுவில், சுற்றுவட்டாரத்துக் கண் பரிசோதனை மையங்கள் ஐந்தினைக் கம்பியில்லா வைஃபை வழியே தன்னோடு இணைத்தது. அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குத் துணைநின்றனர். மையத்திற்கு வரும் நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் திரையில் கண்டு உரையாடுவார். ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறும் தொல்லை ஏழைகளுக்குக் குறைந்தது. ஆனால் படம் தடைப்பட்டால் இந்நன்மை அனைத்தும் வீணாகுமன்றோ?

வைஃபை, வீட்டளவு தொலைவுக்கென அமைந்தது. செய்தியை அனுப்பிய கருவி, ‘கிடைத்தது’ என்னும் மறுமொழிக்குச் சிறிது நேரமே காத்திருக்கும். தொலைவு பல கிலோமீட்டராகும்போது, மறுமொழி வந்துசேருமுன்பே செய்தி தொலைந்ததெனக் கருதி அதனையே மீண்டும் அனுப்பும். மேலும், ஒரே கோபுரத்தில் ஒரு கருவி பேசும்போது அருகிலுள்ள மற்றொன்றால் கேட்க இயலாது. ஆய்வாளர்கள் நேரத்தைப் பங்கிட்டனர். ஒரு கோபுரத்துக் கருவிகள் யாவும் ஒருசேர அனுப்பவும், பின்னர் ஒருசேரப் பெறவும் முறை வகுத்தனர். வேகம் 2 முதல் 5 மடங்கு உயர்ந்ததென 2007ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் தெரிவித்தனர். கருவியை மாற்றாமல் முறையை மாற்றியதன் பயன் இது.

அடுத்த இடையூறு மின்சாரத்தால் வந்தது. சிற்றூர் மின்கம்பியில் அழுத்தம் 70 வோல்ட்டுக்குக் கீழே தாழ்வதையும், 350-க்கு மேல் ஏறுவதையும், நொடிப்பொழுதில் 1000 வரை துள்ளுவதையும் அவர்கள் அளந்து கண்டனர். இத்தகைய மின்சாரத்தில் கருவிகள் பழுதாவதும் செயலற்று நின்றுவிடுவதும் வியப்பன்று.

நம் கூடங்களிலும் இதே ஒழுங்கில் தேடலாம்.

முதலாவது, ரூட்டரின் மின்செருகியும் கம்பிகளும் உறுதியாக உள்ளனவா எனப் பார்த்து, ஒருமுறை அணைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் இயக்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி ஏறியிறங்கும் ஊராயின் ஸ்டெபிலைசரோ யு.பி.எஸ்.ஸோ தேவை.

இரண்டாவது, வேறெவரும் பயன்படுத்தாத வேளையில் ஒரு கணினியைக் கம்பியினால் ரூட்டருடன் நேரே இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். அப்போதும் மந்தமெனில் குறை பெரும்பாலும் வெளியே உள்ளது. நாளையும் நேரத்தையும் அளவையும் குறித்து, இணைப்புத் தந்தவரிடம் முறையிடலாம். வேகம் சரியாக இருப்பின் குறை கூடத்துக்குள்ளேதான்.

மூன்றாவது, ரூட்டர் இரும்புப் பீரோவுக்குப் பின்னாலோ தடித்த கற்சுவருக்கு அப்பாலோ இருத்தல் ஆகாது. கூடத்தின் நடுவே, உயரத்தில், வெளிப்படையாக இருக்க வேண்டும்.

நான்காவது, கூடம் நிறைந்த வேளையில் மட்டும் மந்தமெனில், பலர் ஒருசேரப் பயன்படுத்துவதே காரணம். ஒருவர் திரைப்படம் இறக்குகிறார்; இன்னொருவரின் கைபேசி, அவரறியாமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. கடவுச்சொல் தெருவுக்கே தெரிந்திருந்தால் அதனை மாற்ற வேண்டும். பெரிய பதிவிறக்கங்களை இரவுக்கு ஒதுக்கிவைத்து, படிப்புக்கும் விண்ணப்பங்களுக்கும் தனி நேரம் வகுக்கலாம். பல ரூட்டர்களில் ஒவ்வொரு கருவிக்கும் வேக வரம்பு விதிக்கும் வசதியும் உண்டு.

இவற்றைச் செய்யாமல், கூடுதல் கட்டணம் செலுத்தி வேகமான இணைப்பு வாங்கினாலும் பயன் சிறிதே. மிகுந்து வரும் நீரையும் தலைமடையே குடித்துவிடும். உதவித்தொகை விண்ணப்பத்தின் இறுதி நாளில், கூடத்தின் மூலையில் சுழலும் திரையைப் பார்த்தவாறு அமர்ந்திருக்கும் மாணவியே நமது கடைமடை. அவளுக்கு இணையம் போய்ச் சேருகிறதா என்பதைக் கொண்டே நம் பொதுக்கூடத்தின் வேகத்தை நாம் அளக்க வேண்டும்.