தலைக்கு மேலே டிரில்லிங்!

தலையில் ஷாம்பு நுரை. குழாயில் வெறும் காற்று. “டேங்க் ரிப்பேர் சார்... ஓனருங்க எல்லாருக்கும் சொல்லியாச்சே!” என்பார் வாட்ச்மேன். ஓனர் இருப்பது வேறு ஊரில். அவஸ்தை, வாடகைக்கு இருக்கும் நமக்கு!

2019 முதல் அமலில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ரிப்பேருக்காக நம் வீட்டுக்குள் வர ஓனர் 24 மணி நேரம் முன்பே எழுதித் தரணும். சரி, பொது டேங்க், லிஃப்ட்? அதற்கு அசோசியேஷன்தான் சொல்லணும்.

‘வேலை நடைபெறும், ஒத்துழைக்கவும்’ என்று ஒட்டினால் போதாது. எது நிற்கும், எப்போ நிற்கும், எப்போ வரும், யாரைக் கேட்கணும்? நாலும் வேணும். லிஃப்ட் ஓடாத நாள் முன்பே தெரிந்தால், மூணாவது மாடிப் பெரியவர் ஆஸ்பத்திரி தேதியை மாற்றிக்கொள்வார். நைட் ஷிஃப்ட் ஆசாமி நண்பன் ரூமில் போய்த் தூங்குவார்.

செகரெட்டரியிடம் இன்றே உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். மெயின்டனன்ஸ் வசூலுக்குக் கதவைத் தட்டுகிறவர், சுவரைத் தட்டும் முன்பும் ஒரு வார்த்தை சொல்லட்டுமே!