சேவை அறிவியல்: மூணு துறை சேர்ந்த படிப்புக்கு யார் பொறுப்பு?

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

கலசப்பாக்கத்திலிருந்து பேசுறேன். இன்னிக்கு ஒரு படிப்பைப் பத்திப் பார்க்கலாம். சர்வீஸ் சயின்ஸ். தமிழ்ல சேவை அறிவியல்னு வச்சுக்கலாம். சேவைன்னதும் சமூக சேவைதான் ஞாபகம் வரும். இது அது இல்ல. ஆஸ்பத்திரி, பேங்க், பஸ், கூரியர், செல்போன் ரிப்பேர்னு ஒருத்தர் இன்னொருத்தருக்காகச் செஞ்சு கொடுக்கிற எல்லா வேலையும் இதுல அடங்கும். இந்தியப் பொருளாதாரத்தில் பாதிக்கு மேல் இந்தப் பக்கம்தான் இருக்கு. ஆனா ஒரு ஆஸ்பத்திரியில கூட்டம் தேங்காம எப்படி ஓட்டுறதுன்னு கத்துக்கணும்னா எந்தத் துறைக்குப் போவீங்க? கம்ப்யூட்டர் வாத்தியார் சாஃப்ட்வேர் சொல்லித் தருவார். எம்பிஏ-வில கணக்கும் மார்க்கெட்டிங்கும் வரும். நோயாளி ஏன் பயந்துகிட்டு வராம இருக்கார்னு சமூகவியல்காரர் சொல்வார். மூணையும் ஒரே மேசையில வச்சுப் பேச ஆள் கிடையாது.

இந்தக் குறையை பெரிய அளவுல கையில எடுத்தது ஐபிஎம். கம்ப்யூட்டர் செய்யுற கம்பெனின்னு பேர் வாங்கினவங்க, 2002-ல பிடபிள்யூசி-யோட ஆலோசனைப் பிரிவை வாங்கினாங்க. கொஞ்ச காலத்துல வருமானத்தில் பாதிக்கு மேல் சேவையிலிருந்து வர ஆரம்பிச்சது. மெஷினை ஆராய்ச்சி பண்ண விஞ்ஞானிகள் இருந்தாங்க, சேவையை ஆராய்ச்சி பண்ண ஆள் இல்ல. கலிபோர்னியாவில் இருந்த அவங்க அல்மடென் ஆய்வகத்துல ஜிம் ஸ்போரர் என்பவர் இதுக்காக ஒரு குழுவை நடத்தினார். அவங்க மனசுல ஒரு பழைய உதாரணம் இருந்தது. 1945-ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஐபிஎம் ஒரு ஆய்வகம் தொடங்கினப்போ கம்ப்யூட்டர் சயின்ஸ்னு ஒரு துறையே உலகத்துல கிடையாது. 1962-ல பர்டியூ பல்கலைக்கழகம் அமெரிக்காவின் முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையைத் தொடங்கியது. அதே மாதிரி 'சேவை அறிவியல், மேலாண்மை, பொறியியல்'னு மூணையும் கோத்து ஒரு துறை வந்துடும்னு நம்பினாங்க.

படிப்புகளும் வந்தது. 2006 வாக்கில் பெர்க்லியில ஒரு சான்றிதழ் படிப்பு. நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகம் தங்களோட எம்பிஏ-வுக்குள்ளேயும் பொறியியல் முதுகலைக்குள்ளேயும் ஒரு தனிப்பிரிவா வச்சது. 2008-ல ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே, தைவானின் சிங் ஹுவா ரெண்டு இடத்துலயும் இதுக்குன்னு தனி நிறுவனமே வந்தது. ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி ஊருக்கு ஊர் துறை வரல.

ஏன்? என் கணிப்பைச் சொல்றேன். கம்ப்யூட்டர்னு நடுவுல ஒரு புது மெஷின் இருந்தது, அதுக்கு ஏற்கனவே சொந்தக்காரத் துறை இல்ல. சேவைக்கு அப்படி இல்ல, ஏற்கனவே நாலு பங்காளி இருக்காங்க. பங்காளி சொத்துல புது வீடு கட்டுறது எவ்வளவு சுலபம்னு உங்களுக்கே தெரியும்.

சரி, இந்தப் படிப்புல அப்படி என்னதான் இருக்குன்னு கேட்டா, நம்ம ஊர் தறியை வச்சே சொல்லலாம். ஆரணிப் பட்டுன்னா நாம பொருளைத்தான் பார்க்கிறோம், புடவையை. ஆனா அந்தப் புடவைக்குப் பின்னாடி ஒரு சேவைச் சங்கிலியே இருக்கு. டிசைன் போடுறவர், ஜக்கார்டு அட்டை அடிக்கிறவர், பாவு ஓட்டுறவர், பழைய பாவு முடிஞ்சதும் புதுப் பாவை இழை இழையா பிணைச்சுக் கொடுக்கிறவர். இதுல ஒருத்தர் வரலைன்னாலும் தறி நிக்கும்.

ஒரு கணக்குக்கு வச்சுக்கோங்க. ஒருத்தர்கிட்ட 30 தறி. ஒரு பாவு 15 நாள் ஓடும். அப்போ சராசரியா ஒரு நாளைக்கு 2 தறிக்குப் பாவு பிணைக்கணும். பிணைக்கிறவர் ஒரு நாளைக்கு 2 தறி முடிப்பார். கச்சிதமா பொருந்துது இல்லையா? பொருந்தாது. ஒரு நாள் 4 தறி சேர்ந்து முடியும், அடுத்த நாள் ஒண்ணும் முடியாது. சும்மா இருந்த நாளை எடுத்து டப்பாவுல போட்டு வச்சு நெருக்கடி நாளைக்குப் பயன்படுத்த முடியாது. அதனால வரிசை உருவாகும், தறி காத்துக்கிட்டு நிக்கும். சராசரி சரியா இருந்தாலும் வரிசை வரும். இந்தக் கணக்கை 1909-லேயே கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனிக்காரர் எர்லாங் போட ஆரம்பிச்சார். அங்கே போன் லைன், இங்கே தறி.

முக்கியமானது இதுக்கு அப்புறம்தான். நெசவுக்குக் கூலி புடவைக் கணக்குல. அப்போ தறி காத்திருக்கிற நாளுக்கு யார் பணம் கொடுக்கிறாங்க? நெசவாளி கொடுக்கிறார், தன்னோட கூலியை இழந்து. முதலாளி கணக்குப் புத்தகத்துல அந்த நாள் எந்த வரியிலயும் வராது. பொறியியல் மட்டும் படிச்சவர் 'பிணைக்க மெஷின் வாங்கு'ம்பார். மேலாண்மை மட்டும் படிச்சவர் 'பிணைக்கிறவருக்கு ஊக்கத்தொகை கொடு'ம்பார். அந்த வெத்து நாள் யார் தலையில விழுதுன்னு கேட்காம ரெண்டு பேரும் கிளம்பிடுவாங்க. மூணு கேள்வியும் ஒரே ஆளுக்குத் தோணணும். சேவை அறிவியல் பயிற்சின்னா அதுதான்.

இப்படி ஒரு பயிற்சியை அந்தப் பேர் வைக்காமலே நடத்துற இடம் தமிழ்நாட்டுலயே இருக்கு. மதுரையில டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல 11 படுக்கையோட தொடங்கின அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே அறுவை சிகிச்சை அறையில ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மேசை. ஒண்ணுல ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேசையில அடுத்த நோயாளி தயாரா இருப்பார். தயார் பண்றது கிராமத்துப் பெண்கள், ரெண்டு வருஷம் அங்கேயே பயிற்சி எடுத்தவங்க. கிடைக்கிறதுக்கு அரிதான டாக்டர் நேரம் காத்திருப்புல வீணாகக்கூடாதுன்னு மொத்த அமைப்பையும் அதைச் சுத்திக் கட்டியிருக்காங்க. நம்ம பாவு பிணைக்கிறவர் கதைதான்.

எப்படிப் பண்றீங்கன்னு மத்த ஆஸ்பத்திரிகள் கேட்க, 1992-ல லைகோன்னு ஒரு பயிற்சி நிறுவனத்தையே தொடங்கினாங்க. எனக்குப் பிடிச்சது அதோட முறை. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆள் வந்து சான்றிதழ் வாங்கிட்டுப் போறதில்ல. டாக்டர், நர்ஸ், மேனேஜர்னு குழுவா வந்து உட்கார்ந்து, தங்கள் ஆஸ்பத்திரிக்கே திட்டம் போட்டு எடுத்துட்டுப் போவாங்க. லைகோகாரங்க முன்னாடியும் போய்ப் பார்ப்பாங்க, பின்னாடியும் தொடர்ந்து விசாரிப்பாங்க. பல துறை சேர்ந்த படிப்புன்னா ஒரே மாணவருக்கு அஞ்சு துறையிலிருந்து அஞ்சு பேப்பர்னு நினைக்கிறாங்க. அது கதம்பம். ஒரே பிரச்சினையில மூணு துறை ஆளும் மோதிக்கணும், அதுக்கப்புறம் ஒரே முடிவுல கையெழுத்துப் போடணும்.

இப்போ நம்ம பக்கத்துக் கல்லூரி ஏதாவது ஒண்ணு இதைத் தொடங்கணும்னா என்ன பண்ணலாம்? தயவுசெஞ்சு முதல் நாளே மூணு வருஷ டிகிரியா போட வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தமிழ்நாட்டுல அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, புதுப் பேர்ல இருக்கிற டிகிரி கேட்கப்பட்ட டிகிரிக்கு இணையானதுன்னு உயர்கல்வித் துறை அரசாணை வேணும். அது இல்லைன்னா மார்க் இருந்தும் சான்றிதழ் சரிபார்ப்புல நிக்கணும். தறி வீட்டுலேருந்து முதல் தலைமுறையா காலேஜுக்குப் போற பொண்ணு ஒரு அழகான பேரை நம்பிச் சேர்ந்து, அந்தச் செலவை அவ தலையில சுமத்துறது நியாயமில்ல. தறி காத்திருக்கிற நாள் நெசவாளி தலையில விழுற மாதிரிதான் இதுவும்.

அதனால பி.காம், பி.எஸ்சி கணினி அறிவியல், பி.இ.-ன்னு ஊருக்குத் தெரிஞ்ச டிகிரி அப்படியே இருக்கட்டும். அதுக்கு மேல ஒரு வருஷச் சான்றிதழ். மூணு துறை மாணவர்கள் கலந்து ஒரு குழு. குழுவுக்கு ஒரு நிஜ இடம்: ஆரம்ப சுகாதார நிலையம், கூட்டுறவு நெசவாளர் சங்கம், பருவதமலைக்குப் பௌர்ணமி கூட்டம் வரும்போது ஓடுற பஸ். முதல் மூணு மாசம் பாடமே வேண்டாம்கிறது என் கட்சி. நோட்டும் கடிகாரமும் எடுத்துக்கிட்டுப் போய், யார் எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்காங்கன்னு எழுதட்டும். வரிசைக் கணக்கு, செலவுக் கணக்கு, பேட்டி எடுக்கிற முறை எல்லாம் அதுக்கப்புறம் தேவைப்படுற வரிசையில வரட்டும்.

அப்புறம் வாத்தியார் பிரச்சினை. கல்லூரியில ஒரு பேப்பர் எந்தத் துறையோடதுங்கிறதை வச்சுத்தான் வேலைப்பளுவே கணக்கு. வேலைப்பளுவை வச்சுத்தான் பணியிடம். வேற துறை மாணவருக்கு எடுக்கிற வகுப்பு கணக்குல வரலைன்னா, முதல் வருஷம் ஆர்வத்துல எடுப்பாங்க, ரெண்டாவது வருஷம் அந்த நேரத்துல வேற வகுப்பு விழுந்துடும். அதனால ரெண்டு வாத்தியார் ஒரே வகுப்புல நின்னா ரெண்டு பேருக்கும் முழு மணி நேரம் எழுதணும். மார்க் யார் போடுறாங்க, பட்டியல்ல யார் கையெழுத்துன்னு ஒரு பேரை முன்கூட்டியே எழுதி வைக்கணும். பாடத்திட்டக் குழு கூடுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு தாளும் முதல்வர் மேசையில இருக்கணும். பாடத்திட்டத்தை அடுத்த வருஷம்கூட மாத்திக்கலாம்.

அடுத்த எபிசோடுல ஜக்கார்டு அட்டையிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் வந்த கதையைப் பார்க்கலாம்.