ஆப்ஜெக்ட் உருவாக்க எவ்வளவு நேரம்?

ஜாவாவில் எழுதிய பெரிய நிரல் ஒன்று ஓடும்போது நொடிக்குப் பல லட்சம் ஆப்ஜெக்ட்கள் உருவாகி மறையலாம். பிராசசரின் நேரத்தில் எவ்வளவு பங்கை இந்த உருவாக்கமே தின்கிறது என்று அளப்பது எப்படி?

முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் நினைவகத்தில் ஒரு துண்டை ஜாவா இயந்திரம் முன்கூட்டியே ஒதுக்கித் தருகிறது. புது ஆப்ஜெக்ட் வேண்டுமென்றால், அந்தத் துண்டில் காலியிடம் தொடங்குமிடத்தைக் காட்டும் சுட்டியைச் சற்று நகர்த்தினால் போதும். ஹாட்ஸ்பாட் எனும் ஜாவா இயந்திரத்தின் 64 பிட் வடிவில் வெற்று ஆப்ஜெக்ட்டுக்கு வழக்கமாக 16 பைட். தலைப்புத் தகவலை எழுதினால் வேலை முடிந்தது. எல்லாம் சில நானோ நொடிகளில்.

சிக்கல் இங்கேதான். கடிகாரத்தை ஒரு முறை படிக்கவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஒவ்வோர் உருவாக்கத்துக்கும் முன்னும் பின்னும் நேரம் பார்த்தால், கடிகாரத்தின் செலவைத்தான் அளந்திருப்போம். எண்ணுவதற்காக நிரலுக்குள் கூடுதல் வரிகளைச் செருகினாலும் ஆபத்து உண்டு. தேவையில்லாத ஆப்ஜெக்ட்களைக் கம்பைலர் தானாகவே தவிர்த்துவிடும். செருகிய வரிகள் அதைத் தடுத்துவிடக்கூடும்.

ஆகவே நிரலின் நேரச் செலவை அளக்கும் கருவிகளான புரொஃபைலர்கள் மாதிரி எடுக்கின்றன. உதாரணமாக 10 மில்லி நொடிக்கு ஒரு முறை, நிரல் எந்த வரியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்கின்றன. 2,000 மாதிரிகளில் 300 உருவாக்க வேலையில் சிக்கினால், ஏறத்தாழ 15 சதவீத நேரம் அங்கே போகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். இங்கே மட்டும் ஆயிரக்கணக்கில் சோறு வேண்டும். 2018இல் வந்த ஜாவா 11, நினைவக ஒதுக்கீட்டையும் இதேபோல் மாதிரி எடுக்க வழிசெய்தது: சராசரியாக 512 கிலோபைட்டுக்கு ஒன்று.

இந்த மாதிரிகள் அடிக்கடி காட்டிக்கொடுக்கும் குற்றவாளி, லூப்புக்குள் சரத்தோடு சரத்தைக் கூட்டுவது. ஒவ்வொரு சுற்றிலும் புதுச் சரம் உருவாகி, பழைய எழுத்துகள் அத்தனையும் நகலாகும். 10,000 எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் சுமார் 5 கோடி எழுத்துகள் நகலாகும். ஸ்ட்ரிங்பில்டர் பயன்படுத்தினால் இந்த வீண்வேலை பெரும்பாலும் ஒழியும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கைவிடப்பட்ட ஆப்ஜெக்ட்களின் இடத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டரின் நேரம் தனிக்கணக்கில் வரும். அதையும் கூட்டினால்தான் முழுச்செலவு தெரியும்.

ஃப்ளைட் ரெக்கார்டர் என்ற அளவீட்டுக் கருவி ஜாவா 11 முதல் இலவசமாக ஜாவாவுடனேயே வருகிறது. உங்கள் நிரல் மந்தமானால் ஊகித்துத் திருத்தாதீர்கள். முதலில் ரெக்கார்டரை ஓடவிட்டு அளந்து பாருங்கள்.