கடலோரக் கிராமங்களுக்கு ஏற்ற கோழிக்கூடு

தூத்துக்குடி மாவட்டக் கடலோரக் கிராமங்களில் பல வீடுகளில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகள் வளர்க்கப்படுகின்றன. பகலில் அவை மேய்ந்தே வயிற்றை நிரப்பிக்கொள்வதால் தீவனச் செலவு அதிகமில்லை. ஆனால் இரவில் அடைக்கும் இடத்தைப் பற்றி விவசாயிகள் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. தரையோடு தரையாகச் செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, மேலே கல்பலகை போட்டு, சிறிய வாசல் மட்டும் விட்ட கூடுகள் இன்றும் உள்ளன. கீரிக்கும் நாய்க்கும் பயந்தே இவ்வாறு கட்டுகிறார்கள். கீரிக்குத் தப்பிய கோழி புழுக்கத்தில் நலிகிறது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோரத்தில் இந்த வழி எளிதில் பயன்படுவதில்லை. மூடிய கூட்டுக்குள் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயுவும் சேர்ந்துகொண்டால் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், சளி பிடிக்கும், முட்டை குறையும். எனவே இப்பகுதிக்கு வேண்டியது தரையை விட்டு உயர்ந்த, காற்றோட்டமான கூடுதான்.

உயரம் இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணிக் கரை ஊர்களில் ஆடு மாடுகளோடு ஏராளமான கோழிகளும் மாண்டன. மூன்றடி உயரக் கூடு அத்தகைய வெள்ளத்துக்குத் தாங்காது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்தில் தேங்கும் தண்ணீருக்கு அது போதும். பெருவெள்ளம் வந்தால் கோழியைக் காப்பது கூட்டின் உயரமல்ல, கதவு. ஓர் ஆள் கையை விட்டுக் கோழிகளை அள்ளி எடுக்கும் அளவுக்குக் கதவு அகலமாக, வீட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பூட்டுப் போட்டுச் சாவியைத் தேடும்படி வைக்கக் கூடாது, கொக்கி போதும்.

பத்துப் பெட்டைக்கும் ஒரு சேவலுக்கும் 6 அடி நீளம், 4 அடி அகலம் சரியாக இருக்கும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்பது கணக்கு. கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைய வேண்டும். அப்போது வெயில் நீண்ட பக்கங்களில் நேராக விழாது. மேற்குப் பக்கத்தை ஓலைத் தட்டியால் அடைத்துவிடலாம். ஆனி, ஆடியில் மண்ணை வாரி இறைக்கும் கச்சான் காற்றுக்கும் மாலை வெயிலுக்கும் அது தடுப்பு. வடக்கிலும் கிழக்கிலும் சாக்குப் படுதா தொங்கவிட்டு மழை நாளில் மட்டும் இறக்கலாம். அப்போதும் மேலே முக்கால் அடி திறந்திருக்கட்டும்.

தூணுக்குக் கல்கால்கள் சிறந்தவை, கரையான் ஏறாது. சட்டத்துக்குப் பனையைவிட நல்ல மரம் இப்பகுதியில் கிடைப்பதற்கில்லை. ஆனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021இல் அரசு அறிவித்துள்ளது. ஆகவே இடித்த வீடுகளின் பழைய பனங்கைகளைத் தேடி வாங்குவதே முறை. முற்றிய பழைய கை இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். சட்டங்களைத் தூணோடு இறுகக் கட்டிவிட வேண்டும். இல்லையேல் வெள்ளமோ புயலோ கூட்டையே கொண்டுபோய்விடும்.

தரைக்கு ஒன்றரை அங்குல அகல வரிச்சுகளை முக்கால் அங்குல இடைவெளி விட்டு அடிக்கலாம். எச்சம் கீழே விழுந்துவிடும். அதை வாரி மட்கவைத்து முருங்கைக்கும் கத்தரிக்கும் இடலாம். பக்கங்களுக்குப் பலர் கம்பிவலையை வாங்குகிறார்கள். உப்பளத்தை அடுத்த ஊர்களில் உப்புக்காற்று அதை விரைவில் அரித்துவிடும். வெளியே பார்க்க வலை போலத்தான் இருக்கும். கீரி ஒருமுறை முட்டினால் உதிர்ந்துவிடும். பழைய மீன்வலையும் இதற்கு உதவாது. கீரியும் பெருச்சாளியும் கடித்துவிடும். பகலில் குஞ்சு மேயும் இடத்தின் மேலே பருந்துக்காகக் கட்ட வேண்டுமானால் மீன்வலை நல்லது. கூட்டின் பக்கங்களுக்கு விரல் நுழையும் இடைவெளியில் பனை வரிச்சுகளே ஏற்றவை.

கூரைக்குத் தகரம் வேண்டாம், பனையோலை குளிர்ச்சி. முன்பக்கம் 4 அடி, பின்பக்கம் 3 அடி உயரம் வைத்து, கூரை ஒன்றரை அடி வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது.

உள்ளே நான்கடி நீளத்தில் இரண்டு குறுக்குக் கழிகள் போதும். கோழிக்கு எட்டு அங்குலம் வீதம் எல்லாம் அமர்ந்துவிடும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்தால் அதற்காகச் சண்டை வரும். முட்டையிட ஓரடிச் சதுரத்தில் மூன்று பெட்டிகளைக் கழியைவிடத் தாழ்வாக, சற்று இருட்டான பக்கத்தில் வைக்கலாம். உயரத்தில் வைத்தால் கோழிகள் அதிலேயே உறங்கி அசுத்தம் செய்யும்.

மரத்தின் இடுக்குகளில் பேனும் செள்ளும் ஒளிந்துகொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிப்பது நல்லது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனாலும் கரையில் ஒதுங்கும் சிப்பிக்குப் பஞ்சமில்லை. வெற்றுச் சிப்பிகளை நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உப்பைப் போக்கி, நெல் அளவுக்கு இடித்து, ஒரு கொட்டாங்கச்சியில் கூட்டின் மூலையில் வைத்தால் பெட்டைகள் வேண்டியமட்டும் கொத்திக்கொள்ளும். தோல்முட்டை இடுவது குறையும். அலசாமல் வைக்கக் கூடாது. உப்பு மிகுந்தால் கோழிக்குக் கழிச்சல் காணும்.

கட்டி முடித்த கூட்டில் கோழிகளை மாலையில் விடுவதே வழக்கம். தீவனமும் நல்ல தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாட்கள் வெளியே விடாமல் அடைத்திருந்தால், பிறகு அந்தி சாய்ந்ததும் அவை தாமாகவே ஏறிக்கொள்ளும். மூன்றடி உயரம் என்பதால், குறுக்குச் சட்டம் அடித்த பலகை ஒன்றைக் கதவருகே சாய்த்துவைத்து, கோழிகள் அடைந்ததும் எடுத்துவிட வேண்டும்; இரவில் அது கீரிக்கும் படியாகும்.