பூட்டை உடைக்கப் பழகும் பிள்ளைகள்

"பையன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, கம்ப்யூட்டரில் பூட்டு உடைக்கும் போட்டியாம்!" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னால் திடுக்கிடாதீர்கள். போலீசுக்குச் சொல்லி அனுப்பவும் வேண்டாம்.

'கொடி பிடித்தல்' என்று இதற்குப் பெயர். அமெரிக்காவில், லாஸ் வேகாஸ் டெஃப்கான் மாநாட்டில் 1996லேயே இது நடந்திருக்கிறது. போட்டி நடத்துகிறவர்களே வேண்டுமென்று ஓட்டை வைத்த புரோகிராமைத் தருவார்கள். அதில் நுழைந்து, ஒளித்து வைத்திருக்கும் ஒரு வரியை எடுத்து வர வேண்டும். அதுதான் கொடி. ஓட்டையைக் கண்டவனுக்குத்தானே அதை அடைக்கத் தெரியும்?

பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் சர்வகலாசாலை 2013ல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே 'பிக்கோ சி.டி.எஃப்.' போட்டியை ஆரம்பித்தது. கட்டணம் இல்லை. அதே ஆண்டு அதன் மாணவர் குழு லாஸ் வேகாஸிலும் வென்றது.

புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் போட்டியில் கிடைப்பது பெரும்பாலும் பூஜ்யம். "நமக்கு இது வராது" என்று பலர் எழுந்து போவது இங்கேதான். கிரிக்கெட்காரனைப் பாருங்கள். வெளியே திரும்பும் பந்தில் அவுட்டானால், அடுத்த மாட்ச் வரை சும்மா இருப்பானா? வலைக்குள் நின்று அதே பந்தை நூறு தடவை போடச் சொல்வான். இங்கேயும் போட்டி முடிந்ததும், ஜயித்தவர்கள் வழியை எழுதி வைப்பார்கள். அதைப் படித்துத் தலையாட்டுவது காலரியில் உட்கார்ந்து மாட்ச் பார்ப்பது போலத்தான். படித்ததை மூடி வைத்துவிட்டு, அதே பூட்டைத் தன் கையால் திறக்க வேண்டும்.

தூக்கமா? நல்ல கோச் ஒருவர் கண்டால், பையனை முதலில் படுக்கைக்குத்தான் விரட்டுவார்.