இடது காதில் கடுகு வெடித்த கதை: வால்வு பெருக்கியும் விட்டுவிட்டு வரும் இரைச்சலும்

பாடாத ரேடியோவைத் தலையில் தட்டினால் பாடும் என்பது நம் வீடுகளில் எல்லாரும் அறிந்த வைத்தியம். ஒரு தட்டு, உடனே இலங்கை வானொலி தெளிவாகிவிடும். அந்தத் தட்டு ஏன் பலித்தது என்று அன்று யாரும் கேட்டதில்லை. வைட்ஃபீல்டில் என் மேசை மேல் நானே கட்டி வைத்திருக்கும் ஹெட்போன் பெருக்கிதான் அதற்கு விடை சொன்னது.

முதலில் வால்வு பற்றி இரண்டு வார்த்தை. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய் அது. உள்ளே சூடேறிய கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி அனோடை நோக்கி ஓடும். நடுவே நிற்கும் கம்பிவலை, குழாயில் விரல் வைத்துத் தண்ணீரைக் கட்டுப்படுத்துவது போல, அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். ஃபிளெமிங் 1904-இல் இருமுனை வால்வைச் செய்தார். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் அதில் வலையைச் சேர்த்தார். சிறு ஒலியைப் பெரிதாக்கும் வித்தை அங்கேதான் பிறந்தது.

இதற்கும் நம் ஊருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (திருச்சி பெல் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்) 1954-இல் தொடங்கப்பட்டு, 1961-இல் வானொலி வால்வுகளைத் தயாரிக்க ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால், வால்வுக்கு எமனாக வந்த ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரை அதே தொழிற்சாலை அடுத்த வருஷமே, 1962-இல் செய்யத் தொடங்கிவிட்டது! அங்கே வேலை பார்த்த என் பெரியப்பா விட்டுச் சென்ற இரண்டு ஈஎல் 84 வால்வுகள்தான் என் பெருக்கியின் உயிர். இனி அப்படியொன்று அங்கே செய்யப்போவதில்லை. பெரியப்பாவும் இல்லை.

என் பெருக்கியில் முதல் கட்டம் ஓர் இசிசி 83. அதன் ஒரு பாதி இடது காதுக்கு, மறு பாதி வலது காதுக்கு. அடுத்து காதுக்கு ஒன்றாக இரண்டு ஈஎல் 84. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர்கள். ஆறு மாதம் அருமையாகப் பாடியது. பிறகு ஒருநாள், போட்டு இருபது நிமிஷம் ஆனதும் இடது காதில் மட்டும் கடுகு தாளிப்பது போல் பட் பட்டென்று ஒரு சத்தம். ஐந்து நிமிஷம் இருக்கும், தானே போய்விடும். மறுநாள் வரவே வராது.

இரைச்சலுக்கும் குரல் உண்டு. 'ஊம்ம்' என்ற முனகல் என்றால் மின்சாரத்தின் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ். இழை, வடிகட்டும் மின்தேக்கி, எர்த் இணைப்பு இவற்றைப் பார்க்க வேண்டும். 'டிர்ர் டிர்ர்' என்றால் பக்கத்தில் மொபைல் இருக்கிறது. டூஜி போன் விநாடிக்கு 217 முறை துடிப்பாக அலை அனுப்புவதால் வருவது. கடுகு வெடித்தால் எங்கோ ஓர் இணைப்பு தொட்டும் தொடாமலும் நிற்கிறது. எங்கள் அடுக்ககத்து லிஃப்டையும் ஜெனரேட்டரையும் முதலில் சந்தேகித்தேன். ஆனால் வெளியிலிருந்து வருவது பெரும்பாலும் இரண்டு காதிலும் அல்லவா கேட்க வேண்டும்?

இங்கேதான் நான் செய்த மடத்தனம். கிழட்டு வால்வுதான் குற்றவாளி என்று முடிவு கட்டி, இடது ஈஎல் 84-ஐக் கழற்றிவிட்டு, புதிதாக வாங்கிய ரஷ்ய வால்வைச் செருகினேன். சத்தம் நின்றது! பெரியப்பாவின் வால்வைப் பழைய மின்சாமான் பையில் போட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி மறுபடி கடுகு. "ஏங்க, அந்தப் பெட்டியையே தூக்கிப் போட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

அப்போதுதான் புத்தி வந்தது. கழற்றி மாட்டும்போது பெட்டி குலுங்கியிருக்கிறது. ரேடியோவைத் தட்டியதும் அதேதான்: தளர்ந்த இணைப்பு சற்று நேரம் ஒழுங்காக உட்காரும், நோய் போகாது. விட்டுவிட்டு வரும் கோளாறில், பாகத்தை மாற்றியதும் சத்தம் நின்றது என்பது சாட்சியமே அல்ல. கோளாறை நாம் நினைத்த நேரத்தில் வரவழைக்கத் தெரிய வேண்டும்.

வால்யூமை முழுக்கக் குறைத்தும் சத்தம் குறையவில்லை. ஆகவே தவறு அந்தக் குமிழுக்கு அப்பால். அணைத்து, ஆறவிட்டு, இசிசி 83-ஐ எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஒரு மணி நேரம் காத்தும் சத்தமே இல்லை. வேறொரு இசிசி 83 செருகினால் மீண்டும் வருகிறது. அப்படியானால் வால்வு இல்லை, அதைச் சுற்றியுள்ள ஏதோ ஒன்று.

இனி பெட்டியைத் திறந்து வைத்துப் பார்க்கும் வேலை. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே 250 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது, ஸ்விட்சை அணைத்த பிறகும் பெரிய மின்தேக்கிகளில் தங்கியிருக்கும். கை வைக்கும் முன் அதைச் சில ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டரில் அளந்து பார்க்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது சோதித்தால் ஒரு கை பையில் இருக்கட்டும். ஹெட்போனைக் காதில் மாட்டாமல் மேசை மேல் வையுங்கள். திடீர் வெடிச்சத்தம் செவியைக் கெடுத்துவிடும். குழந்தைகள் தூங்கிய பிறகே நான் இதைச் செய்வேன்.

ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடேற்றினேன். இருபது நிமிஷத்தில் வருவது மூன்றே நிமிஷத்தில் வந்துவிட்டது. காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டேன். இசிசி 83 சாக்கெட்டின் ஆறாம் ஊசியில், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேரும் இடத்தைத் தொட்டதும் கடுகு வெடித்தது.

மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்பார்களே, அதுதான். என் கைவேலை. சூடு போதாமலோ, உறையும்போது கம்பி அசைந்தோ ஈயம் ஒட்டாமல் மேலே மூடிக்கொண்டு நின்றிருக்கிறது. வால்வு சூடாகி உலோகம் விரிந்ததும் பிடி தளரும். அங்கே ஓடுவது சுமார் 1 மில்லி ஆம்பியர். சில ஓம் தடை கூடிக் குறைந்தாலே சில மில்லிவோல்ட் துள்ளும், அதை ஈஎல் 84 பெருக்கும். அறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்பீக்கரில் இது தெரியாமல் போகலாம், காதோடு ஒட்டிய ஹெட்போனில் தப்பாது. மங்கலாக இருந்தால் டிரை சால்டர் என்பார்கள். ஈயம் கலக்காத கம்பியில் நல்ல இணைப்பும் மங்கலாகவே இருக்கும், கண்ணை மட்டும் நம்ப முடியாது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஊசியைச் சுரண்டி, புதிதாகப் பற்றவைத்தேன். ஐந்து நிமிஷ வேலை.

பிறகு மின்சாமான் பையைக் கவிழ்த்தால் வால்வைக் காணோம். நெஞ்சு பக்கென்றது. மகள்தான் அதை எடுத்துத் தன் மேசையில் பென்சில் டப்பா பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். "அழகா இருந்துச்சுப்பா, யாரோ குப்பையில போட்டுட்டாங்க" என்றாள். ரஷ்ய வால்வைக் கழற்றிவிட்டு அதைப் பழைய இடத்திலேயே மாட்டினேன். இரண்டு மணி நேரம் ஹெட்போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கடுகு வெடிக்கவில்லை.