விமானத்துக்கு கியர் உண்டா? ஆர்.பி.எம்-மும் ப்ரொப்பெல்லர் பிட்ச்சும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுக்கப்பட்டது.)

தல்லாகுளத்துல நத்தம் ரோடு மேம்பாலம் ஏறுறீங்க. பின்னாடி ஒரு ஆள். பைக் டாப் கியர்ல கிடக்கு. ஆக்ஸிலரேட்டரை முழுசா முறுக்கினாலும் என்ன ஆகும்? இன்ஜின் திணறும், வண்டி உதறும். அப்படியே தலைகீழா, ஃபர்ஸ்ட் கியர்லயே ரிங் ரோட்டுல போனா? இன்ஜின் அலறும், வேகம் வராது.

சின்ன விமானத்துல இந்த கியர் வேலையைப் பார்க்கிறது ப்ரொப்பெல்லரோட பிட்ச். வீட்டு சீலிங் ஃபேனைப் பாருங்க. றெக்கை கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும். தட்டையா இருந்தா காத்தே வராது. ரொம்பச் சாய்ச்சா மோட்டாருக்குப் பாரம். ப்ரொப்பெல்லர் றெக்கையோட அந்தச் சாய்வுதான் பிட்ச். சாய்வு கம்மின்னா 'ஃபைன்', லோ கியர் மாதிரி. அதிகம்னா 'கோர்ஸ்', டாப் கியர் மாதிரி.

நம்ம நாட்டு உதாரணத்துக்கு வருவோம். பெங்களூரில் இருக்கும் தேசிய விண்வெளி ஆய்வகம், அதாவது என்.ஏ.எல்., வடிவமைத்த இரண்டு இருக்கை பயிற்சி விமானம் ஹன்சா. முதல் ஹன்சா பறந்தது 1993 நவம்பரில். அதன் புதுத் தலைமுறையான ஹன்சா-என்ஜி 2021 செப்டம்பர் 3-ஆம் தேதி முதல்முறையாகப் பறந்தது. 4,000 அடி உயரம், 80 நாட் வேகம், சுமார் 20 நிமிடம்.

அதில் இருப்பது ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் 912 வகை இன்ஜின். 100 குதிரைத்திறன். அதிகபட்சம் 5,800 ஆர்.பி.எம்., அதுவும் 5 நிமிடம்தான். தொடர்ந்து ஓட்டணும்னா 5,500.

இந்த வேகத்துல ப்ரொப்பெல்லரை நேரடியா சுத்த விட முடியாது. கணக்கு போட்டுப் பார்ப்போம். 1.7 மீட்டர் விட்டமுள்ள ப்ரொப்பெல்லர் 5,800 தடவை சுத்தினா, றெக்கை நுனி விநாடிக்கு 500 மீட்டருக்கு மேல் போகும். ஒலியோட வேகமே சுமார் 340 மீட்டர்தான். அதைத் தாண்டினா சத்தம்தான் மிஞ்சும், இழுவை கிடைக்காது. அதனால நடுவுல 2.43-க்கு 1 என்ற விகிதத்தில் ஒரு கியர்பாக்ஸ். இன்ஜின் 5,800 சுத்தினா ப்ரொப்பெல்லர் சுமார் 2,390 தான் சுத்தும்.

ஆனா அந்த விகிதம் மாறாது. இன்ஜின் மேல எவ்வளவு பாரம் விழணும்னு தீர்மானிக்கிறது பிட்ச்தான். பல சின்ன விமானங்கள்ல இதைத் தரையில் நிற்கும்போது மட்டும்தான் மாத்த முடியும். போல்ட்டைத் தளர்த்தி, சாய்வைத் திருப்பி, எல்லா றெக்கையும் ஒரே கோணத்துல இருக்கான்னு அளந்து, மறுபடி முடுக்கணும். ஒரு டிகிரி மாத்தினாலே ஆர்.பி.எம். சில நூறு மாறிடும்.

புது விமானத்தைக் கட்டினவங்க முழு த்ராட்டில் கொடுத்து மீட்டரைப் பார்ப்பாங்க. நம்பர் ரொம்பக் குறைவா இருந்தா பிட்ச் அதிகம். "கம்மியா சுத்துது, இன்ஜினுக்கு நல்லதுதானே?"ன்னு தோணும். இல்ல. டாப் கியர்ல பாலம் ஏறுற கதைதான் அது. முழு சக்தியும் வராது, ஓடுபாதை நீளமா தேவைப்படும், இன்ஜினும் அடிவாங்கும். முழு த்ராட்டிலில் 5,200-க்குக் கீழே ஓட்டுவதைத் தவிர்க்கச் சொல்லுது ரோடாக்ஸ். மாறா, பிட்ச் கம்மின்னா ஏறுறது சுகமா இருக்கும். ஆனா நேராப் பறக்கும்போது த்ராட்டிலைக் குறைக்கலைன்னா 5,800-ஐத் தாண்டிடும். தரையில நிற்கிறதைவிட, பறக்கும்போது எதிர்காத்து றெக்கையோட பாரத்தைக் குறைக்குது. அதனால தரையில பார்த்த நம்பர் மேல ஏறும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் சரியான சாய்வைப் பிடிக்கணும்.

அப்போ மீட்டர்ல நம்பர் சரியா வந்துட்டா முடிஞ்சதா? இங்கதான் ஒரு சூட்சுமம். பெங்களூர் கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்துல இருக்கு. காத்து மெலிசு. டர்போ இல்லாத இன்ஜினோட சக்தி அங்கே குறையும். ஆனா மெலிசான காத்துல ப்ரொப்பெல்லரைச் சுத்துறதும் சுலபம். ரெண்டும் சேர்ந்து குறையுறதால ஆர்.பி.எம். பெருசா மாறாது. இழுவை மட்டும் சத்தமில்லாம குறைஞ்சிருக்கும்.

அதனாலதான் ஒரே ஊர்ல சோதிச்சா போதாது. 2022 பிப்ரவரி 19-இல் ஹன்சா-என்ஜி புதுச்சேரிக்குப் பறந்து வந்தது. கடல்மட்டத்தில் அடர்த்தியான காற்றில் இன்ஜின் எப்படி நடந்துக்குது, எப்படி ஏறுது, இறங்கப் போய் திரும்ப மேலெழும்ப முடியுதா என்பதையெல்லாம் 18 மணி நேரம் பறந்து சோதித்தார்கள். மார்ச் 5-இல் பெங்களூர் திரும்பியது.

மதுரைக்காரங்களுக்கு இதுல ஒரு விசேஷம் இருக்கு. நம்ம விமான நிலையம் கடல்மட்டத்துல இருந்து சுமார் 460 அடி உயரம்தான். ஆனா அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரி அடிக்கும்போது காத்து விரிஞ்சு மெலிசாகி, சுமார் 3,500 அடி உயரத்துக் காத்து மாதிரி ஆயிடும். அதாவது நின்ன இடத்துலயே நாம பெங்களூரைவிட மேல போயிடுறோம்! காலையில சுலபமா எழும்பின அதே விமானம் மதியம் ஓடுபாதையில ரொம்ப தூரம் ஓடும். மீட்டர்ல நம்பர் கிட்டத்தட்ட அதேதான்.

அதான் பைலட் மீட்டரோட சேர்த்து வெயிலையும் ஓடுபாதை நீளத்தையும் கணக்குல வைக்கணும். மீட்டர் பொய் சொல்லாது. ஆனா முழுக்கதையையும் சொல்லாது.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்!